எச்.ஐ.வி. சோதனை: நாள் எண்ணுவதில் தொடங்கி ரிப்போர்ட் படிப்பது வரை

பழைய உறவு ஒன்று திடீரென்று மனசை அரிக்கத் தொடங்கியதும் பலர் செய்வது இரண்டு வேலை. ராத்திரி முழுக்க அறிகுறிகளைத் தேடிப் படிப்பது; விடிந்ததும் கண்ணில் பட்ட லேபில் ரத்தம் கொடுப்பது. நாள் கணக்கு தெரியாமல் கொடுக்கும் ரத்தத்தால் காசுதான் போகும், பயம் போகாது. தினசரி காலண்டரையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: 72 மணி நேரம் தாண்டிவிட்டதா?

தாண்டவில்லை என்றால் மீதியை அப்புறம் படிக்கலாம், இப்போதே கிளம்புங்கள். 'பெப்' என்ற தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். சனி இரவு 11 மணிக்கு நடந்தது என்றால் செவ்வாய் இரவு 11 மணிதான் கடைசிக் கெடு. முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின், அதாவது நம்ம பெரியாஸ்பத்திரியின், அவசரப் பிரிவு இரவிலும் திறந்திருக்கும். அங்கே நடக்காவிட்டால் எச்.ஐ.வி. பார்க்கும் தனியார் மருத்துவரிடம் சீட்டு வாங்குங்கள். டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. மருத்துவரைப் பார்க்காமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்காதீர்கள். தொடங்கும்போது ரத்தமும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும்; அந்த முடிவுக்காக முதல் மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 2: என்ன நடந்தது என்று எழுதுங்கள்

முத்தம், கட்டிப்பிடித்தல், கையால் தொட்டது, ஒரே தட்டில் சாப்பிட்டது, கொசுக்கடி எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். இவற்றால் பரவாது. வாய்வழி உறவில் ஆபத்து மிகமிகக் குறைவு.

ஆணுறை இல்லாத உறவு, கிழிந்த ஆணுறை, பகிர்ந்துகொண்ட ஊசி என்றால் சோதனை தேவை. எவ்வளவு ஆபத்து? எதிராளிக்கு எச்.ஐ.வி. இருந்து, அவர் சிகிச்சை எடுக்காமலும் இருந்தால், ஆணுறையில்லாத 10,000 உறவில் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய இப்படி: ஆசனவாய் உறவில் வாங்குபவருக்கு 138, செய்பவருக்கு 11. யோனி உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. ஊசியைப் பகிர்ந்தால் 63. இருவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினை நோயோ இருந்தால் கணக்கு மேலே ஏறும். எதிராளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, அவர் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் உறவு மூலம் பரவாது.

இந்த எண்களை வைத்து "நமக்கு வராது" என்று சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி கொஞ்சம் தூங்குவதற்காகத்தான் இவற்றைக் கொடுத்திருக்கிறேன்.

அறிகுறி பார்த்து முடிவு செய்யவும் முடியாது. தொற்றிய 2 முதல் 4 வாரத்தில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, தடிப்பு, நெறிகட்டுதல் வரும்; பலருக்கு ஒன்றுமே வராது. மழைக்காலத்து மதுரையில் டெங்குவும் வைரல் காய்ச்சலும் இதே வேஷத்தில்தான் வருகின்றன.

படி 3: நாள் எண்ணுவது (இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்)

வைரஸ் உள்ளே போன மறுநாளே எந்தச் சோதனையும் அதைப் பிடிக்காது. அந்த இடைவெளிக்குப் பெயர் விண்டோ பீரியட். முதலில் வைரஸின் சொந்தப் புரதமான பி24 (ஆன்டிஜென் என்பது இதுதான்) ரத்தத்தில் தெரியும். உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருள் அதற்குப் பின்னால் வரும். அதனால் எதைத் தேடுகிற சோதனை என்பதைப் பொறுத்து நாள் மாறும்.

நாலாவது தலைமுறைச் சோதனை இரண்டையும் சேர்த்துத் தேடுகிறது. நரம்பில் எடுத்த ரத்தத்தை லேப் மெஷினில் பார்த்தால் 45 நாளில் கிடைக்கும் முடிவை நம்பலாம். எதிர்ப்பொருளை மட்டும் தேடும் ரேபிட் கிட், விரல் நுனி ரத்தம் என்றால் 90 நாள் வரை பொறுக்க வேண்டும்.

எண்ண வேண்டியது கடைசியாக ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து. மார்ச் 3 கடைசி என்றால் 45-ஆம் நாள் ஏப்ரல் 17. 90-ஆம் நாள் ஜூன் 1. நடுவில் ஏப்ரல் 10-ல் இன்னொரு முறை ஆணுறை இல்லாமல் போனால் கணக்கு ஏப்ரல் 10-லிருந்து புதிதாகத் தொடங்கும். இரண்டு வருஷம் முந்தைய விஷயம் என்றால் எண்ணவே வேண்டாம், எந்தச் சோதனையும் போதும்; ஒரே தடவை எடுத்தால் முடிந்தது.

பின்னால் சேர்த்தது: பெப் சாப்பிட்டவர்கள் கடைசி மாத்திரை நாளிலிருந்து எண்ண வேண்டும். உறவு நடந்த நாளிலிருந்து எண்ணி 45-ல் நிறுத்திவிட்டால், மருந்து தள்ளிப்போட்ட தொற்று தெரியாமலே போகலாம்.

படி 4: எங்கே போவது

என் ஓட்டு அரசு நம்பிக்கை மையத்துக்குத்தான், அதாவது அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் இடத்துக்கு. பைசா செலவில்லை, பேசுவதற்கு ஆலோசகரும் இருக்கிறார். பெரியாஸ்பத்திரியில் உண்டு, உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் அரசு மருத்துவமனைகளிலும் உண்டு. சொந்த ஊரில் தெரிந்தவர் கண்ணில் படுமோ என்று தயங்கினால் பெரியாஸ்பத்திரி இருக்கும் கோரிப்பாளையத்துக்கு பஸ் ஏறுங்கள். அங்கே யாராவது பார்த்தாலும் ஒன்றுமில்லை: கர்ப்பிணிகள், டி.பி. நோயாளிகள் எல்லோரையும் அதே மையத்துக்குத்தான் அனுப்புகிறார்கள். வேலை நாளில் காலையிலேயே போய்விடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை.

ஆலோசகர் முதலில் தனியாகப் பேசுவார். உறவு பற்றிக் கேட்பார். கூச்சப்பட்டுத் தேதியை மாற்றிச் சொன்னால் உங்கள் விண்டோ கணக்குதான் கெடும். பிறகு சம்மதக் கையெழுத்து, ரத்தம். முடிவைப் பெரும்பாலும் அன்றே, உங்களிடம் நேரில்தான் சொல்வார்கள். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதனை செய்வதற்கும் முடிவை வெளியே சொல்வதற்கும் அதில் தடை உண்டு. போகுமுன் பேச வேண்டும் என்றால் 1097, கட்டணம் இல்லை.

மையத்தில் பார்ப்பது பெரும்பாலும் கிட்டில்தான்; 45-ஆம் நாளே தெரிந்தாக வேண்டும் என்பவர்களுக்குத் தனியார் லேப் சரி. கவுண்டரில் "எச்.ஐ.வி. டெஸ்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நாலாவது தலைமுறையா, ஆன்டிஜென் சேர்த்து மெஷின்ல பாக்குறீங்களா?" என்று கேளுங்கள். 'ட்ரை-டாட்' என்று எழுதியிருந்தால் அது எதிர்ப்பொருள் கிட். அதே பெயரோடு 'பிளஸ் ஏஜி' சேர்ந்திருந்தால்தான் பி24-ஐயும் பார்க்கும். வெஸ்டர்ன் ப்ளாட், வைரல் லோடு என்ற சோதனைகள் உங்களுக்கு வேண்டாம். முன்னது நாலாவது தலைமுறையை விடத் தாமதமாகத்தான் காட்டும். பின்னது தொற்று உறுதியானவர்களுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க.

இலவசமாகத் தெரிந்துவிடும் என்று ரத்த தான முகாமுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். விண்டோ பீரியடில் கொடுத்த ரத்தம் சோதனையில் தப்பி, இன்னொருவர் உடம்பில் ஏறலாம்.

படி 5: ரிப்போர்ட்டைப் படிப்பது

தனியார் ரிப்போர்ட்டில் "நான்-ரியாக்டிவ், 0.18" என்று இருக்கும். நான்-ரியாக்டிவ் என்றால் சோதனையில் தொற்று தெரியவில்லை. "பூஜ்யம் இல்லையே, கொஞ்சம் இருக்கிறதோ?" என்று வியர்த்துப் போகிறவர்கள் ஏராளம். அது வைரஸின் அளவு அல்ல. மெஷின் வாங்கிய ஒளி சிக்னலை எல்லை மதிப்பால் வகுத்து வந்த எண். 1-க்குக் கீழே எதுவாக இருந்தாலும் நான்-ரியாக்டிவ்தான், 0.08-க்கும் 0.40-க்கும் வித்தியாசம் இல்லை. சில மெஷின்களில் 0.9 முதல் 1 வரை எல்லைக்கோடு. அப்போது திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

"ரியாக்டிவ்" என்று வந்தால் அது முதல் கட்டம்தான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: 1,000 பேரில் 2 பேருக்கு மட்டும் தொற்று இருக்கிறது; தொற்று இல்லாதவர்களில் 200-க்கு ஒருவரைச் சோதனை தவறாகக் காட்டுகிறது. உண்மையான ரியாக்டிவ் 2, பொய் ரியாக்டிவ் 5. இதனால்தான் நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு மூன்று கிட்டில் பார்க்கிறார்கள். மூன்றும் ரியாக்டிவ் ஆனால் மட்டுமே பாசிட்டிவ். ஒன்றுக்கொன்று முரண்பட்டால் சில வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். தனியார் லேபின் ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு வீட்டில் எதையும் உடைத்துச் சொல்ல வேண்டாம். நேரே மையத்துக்குப் போங்கள்.

மூன்றும் ரியாக்டிவ் என்றால் அங்கிருந்தே கூட்டு மருந்து சிகிச்சை மையத்துக்கு அனுப்புவார்கள். மருந்து இலவசம். நோய் எதிர்ப்புச் செல்களான சி.டி.4-இன் எண்ணிக்கை குறையும்வரை காத்திருந்த காலம் 2017-லேயே முடிந்துவிட்டது. இப்போது உறுதியானதும் தொடங்குகிறார்கள். தினம் விடாமல் சாப்பிட்டால் ஆயுள் மற்றவர்களைப் போலத்தான்.

விட்டுப்போகக் கூடாத இன்னொன்று

எச்.ஐ.வி. நெகட்டிவ் என்றதும் எழுந்து ஓடிவிடுகிறார்கள். ஆணுறையில்லாத உறவில் சிபிலிஸும் ஹெபடைடிஸ் பி-யும் அதைவிடச் சுலபமாகத் தொற்றும். அதே நாளில் வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் சோதனை), ஹெபடைடிஸ் பி, சி மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். சிபிலிஸுக்கு 90-ஆம் நாள் ஒருமுறை திரும்பப் பார்ப்பது நல்லது. ஹெபடைடிஸ் பி இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாம் மாதம் ஒன்று. மூன்றாவது ஊசியைத்தான் பாதிப்பேர் மறக்கிறார்கள். அதே காலண்டரில் இப்போதே வட்டம் போட்டுவையுங்கள்.