குறைந்த செலவில் அதிக ஆற்றல் கொண்ட பிளெண்டர்: தேர்ந்தெடுக்கும் முறை, படிப்படியாக

ஏறத்தாழ ஒரே வாட் அளவு அச்சிடப்பட்ட இரண்டு பிளெண்டர்களில் ஒன்று மற்றொன்றைவிட மூன்று நான்கு மடங்கு விலையில் விற்கப்படுவதைப் பார்க்கும் புதியவருக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பு. அந்த விலை வேறுபாட்டில் ஒரு பகுதி பெயருக்கும் மேற்பூச்சுக்கும் போகிறது. மற்றொரு பகுதி, ஜாரின் வடிவம், மோட்டாரையும் பிளேடையும் இணைக்கும் கப்ளர், பேரிங், உத்தரவாதக் காலம் ஆகியவற்றுக்குப் போகிறது. கையிருப்பு குறைவாக உள்ளவர் முதற்பகுதியை விட்டுவிட்டு இரண்டாம் பகுதிக்கு மட்டும் பணம் கொடுக்க வேண்டும். அதை எப்படிப் பிரித்தறிவது என்பதே இங்குச் சொல்லப்படுவது.

படி 1: அடிக்கடி செய்யப்போகும் மிகக் கடினமான வேலையை எழுதி வையுங்கள்

விளம்பரங்கள் பிளெண்டரால் செய்யக்கூடிய எல்லா வேலைகளையும் பட்டியலிடும். உங்களுக்கு வேண்டியது, நீங்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது செய்யப்போகும் வேலைகளில் எது கடினமானது என்ற ஒரே கேள்விக்கான பதில். பழுத்த பழமும் பாலும் சேர்த்து அடிப்பது மட்டுமே வேலை என்றால் 400 அல்லது 500 வாட் கருவியே தாராளம். அதிக ஆற்றல் என்ற சொல்லுக்குக் கூடுதலாகச் செலவிடத் தேவையில்லை. நார் மிகுந்த கீரை, உறைந்த பழத்துண்டுகள், ஐஸ் கட்டி, வேகாத கேரட் போன்றவற்றை நாவில் நெருடாத அளவுக்கு அரைக்க வேண்டும் என்றால்தான் 1,000 வாட்டும் அதற்கு மேலும் பொருள் தரும். கொட்டைப் பருப்புகளை எண்ணெய் விடும்வரை அரைத்து வெண்ணெயாக்குவது இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை. ஏனெனில் அந்தக் கெட்டியான கலவை தானாகச் சுழலாது. மோட்டார் முழுச் சுமையில் பல நிமிடங்கள் ஓட வேண்டியிருக்கும்.

உலர்ந்த பொருள்களைப் பொடிப்பதே பெரும்பாலான வேலை என்பவருக்கு, சிறிய ஜாருடன் வரும் மிக்ஸி இதைவிடப் பொருத்தமானது. பிளெண்டரின் உயரமான ஜார், திரவம் சுழன்று பொருளைப் பிளேடுக்கு இழுத்துவரும் என்ற கணக்கில் அமைக்கப்பட்டது. திரவமே இல்லாத இடத்தில், அதிலும் பொருளின் அளவு குறைவாக இருக்கும்போது, அந்தக் கணக்கு சரிவராது.

படி 2: வாட் எண்ணை நம்புவதற்கு முன் தகட்டைப் பாருங்கள்

கருவியின் அடியில் ஒட்டப்பட்ட தகட்டில் வோல்ட், ஹெர்ட்ஸ், வாட் ஆகியவை குறிக்கப்பட்டிருக்கும். விளம்பரப் பெட்டியில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் வேறுபட்டால் தகட்டையே கொள்ளுங்கள். சில நிறுவனங்கள் 'உச்ச ஆற்றல்' என்றும், 'உச்சக் குதிரைத்திறன்' என்றும் ஓர் எண்ணைப் பெரிதாக அச்சிடுகின்றன. ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 746 வாட். எனவே 3 குதிரைத்திறன் என்பது 2,200 வாட்டுக்கும் மேல். ஆனால் 120 வோல்ட், 15 ஆம்பியர் இணைப்பு ஒன்றிலிருந்து தொடர்ச்சியாக 1,800 வாட்டுக்கு மேல் எடுக்க முடியாது. ஆக, அத்தகைய இணைப்பில் ஓடும் கருவிமீது அந்த எண் அச்சிடப்பட்டிருந்தால், அது மோட்டார் கிளம்பும் கணத்தைக் குறிக்கிறதே தவிர அரைக்கும் நேரத்தைக் குறிக்கவில்லை. தகட்டில் ஆம்பியர் மட்டும் இருந்தால் அதை வோல்ட்டால் பெருக்கிக்கொள்ளலாம்: 230 வோல்ட்டில் 5.2 ஆம்பியர் என்றால் ஏறத்தாழ 1,200 வாட்.

இந்த வாட் எண்கூட, கருவி மின்கம்பியிலிருந்து எடுக்கும் ஆற்றலைத்தான் சொல்கிறது. பிளேடுக்குப் போய்ச் சேரும் ஆற்றலை அன்று. இவ்வகைக் கருவிகளில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் உள்ள யுனிவர்சல் மோட்டாரே இருக்கிறது. சிறிய உருவத்தில் மிக அதிக வேகத்தையும், கிளம்பும்போது நல்ல முறுக்குவிசையையும் அது தரும். அதற்கு விலையாக உள்வாங்கும் ஆற்றலில் கணிசமான பகுதியை வெப்பமாக வெளிவிடும். அதனால் வாட் எண்ணைவிடச் சில வேளைகளில் முக்கியமாவது, எத்தனை நிமிடம் தொடர்ந்து ஓட்டலாம் என்ற குறிப்பு. சில கருவிகளின் தகட்டில் 'கேபி' (KB) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் அவற்றுக்குப் பின் நிமிடக் கணக்கும் இருக்கும். வேறு சிலவற்றில் இது கையேட்டில் மட்டும் காணப்படும். இதைத் தேடிப் படிப்பவர் மிகச் சிலர். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டுப் பல நிமிடங்கள் ஆறவிட வேண்டும் என்று கையேடு சொன்னால், பெட்டியில் 1,500 வாட் என்று எழுதியிருந்தாலும் அது பழக்கூழுக்கான கருவியே.

இதை ஒரு கணக்கால் சரிபார்க்கலாம். பிளேடின் உராய்வாலேயே சூப்பைச் சூடாக்கும் என்று பல கருவிகள் அறிவிக்கின்றன. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறத்தாழ 4,200 ஜூல் வேண்டும்; 50 டிகிரி உயர்த்த 2,10,000 ஜூல். பிளேடு வழியாக 600 வாட் திரவத்துக்குப் போய்ச் சேர்வதாக வைத்துக்கொண்டால் 350 விநாடி, அதாவது ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்ற கருவி இந்த வேலையைச் செய்யாது.

மின்கட்டணத்தை எண்ணி ஆற்றல் குறைந்த கருவியை வாங்க வேண்டியதில்லை. 1,500 வாட் கருவி இரண்டு நிமிடம் ஓடினால் செலவாவது 0.05 யூனிட் மட்டுமே.

என் கணிப்பில், கடினமான வேலைகள் உள்ளவருக்குத் தகட்டில் 1,000 முதல் 1,400 வாட்வரை போதும். அதற்கு மேல் ஒவ்வொரு நூறு வாட்டுக்கும் கொடுக்கும் பணத்தை ஜாருக்குக் கொடுப்பது நல்லது.

படி 3: ஜாரை ஆராயுங்கள்

அரைபடும் தரத்தை மோட்டாருக்கு அடுத்தபடியாகத் தீர்மானிப்பது ஜாரின் உள்வடிவம். இதை விளம்பரங்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. முழுவட்டமான, வழவழப்பான உட்சுவர் கொண்ட ஜாரில் திரவம் பிளேடோடு சேர்ந்து ஒரே சுழலாகச் சுற்றும். பெரிய துண்டுகள் வெளிவட்டத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். மூலைகள் மழுங்கிய சதுர வடிவமோ, உட்சுவரில் மேலிருந்து கீழாக ஓடும் புடைப்புகளோ அந்தச் சுழலை உடைத்து, பொருளை நடுவில் இறக்கிப் பிளேடின்மேல் தள்ளும். அடிப்பகுதி மேற்பகுதியைவிடக் குறுகியிருப்பதும் நல்லது. குறைந்த அளவு போட்டாலும் பிளேடு மூழ்கியிருக்கும்.

கொள்ளளவு விஷயத்தில் பெரியதே சிறந்தது என்று எண்ண வேண்டாம். ஒருவர், இருவருக்கு அரைப்பவர் இரண்டு லிட்டர் அகல ஜாரை வாங்கினால், ஒரு குவளை அளவு பொருள் பிளேடுக்குக் கீழேயும் சுவரிலுமாக ஒட்டிக்கொண்டு நிற்க, பிளேடு காற்றில் சுற்றும். அத்தகையவருக்கு ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர்வரை உள்ள குறுகிய ஜார் ஏற்றது.

கெட்டியான கலவையை அரைக்கும்போது பிளேடைச் சுற்றிக் காற்றுக்குமிழ் உண்டாகி, மோட்டார் வெறுமனே ஓடும் ஓசை கேட்கும். மூடியின் நடுத்துளை வழியாக இறக்கும் டேம்பர் என்ற தள்ளுகோல் இதற்காகவே இருக்கிறது; அது பிளேடைத் தொடாத நீளத்தில் செய்யப்பட்டிருக்கும். உறைந்த பழமோ கொட்டை வெண்ணெயோ உங்கள் பட்டியலில் இருந்தால், தள்ளுகோல் இல்லாத கருவியைத் தயங்காமல் ஒதுக்குங்கள். சில நிறுவனங்கள் ஜாரின் வடிவத்தால் மட்டுமே இதைச் சமாளிக்க முயல்கின்றன. விலை உயர்ந்த கருவிகளில் அது ஓரளவு கைகூடுகிறது, மலிவானவற்றில் அப்படி எதிர்பார்க்க இயலாது. மரக்கரண்டியைத் தள்ளுகோலாகப் பயன்படுத்துவது ஜாருக்கும் கைக்கும் ஆபத்து.

ஜார் செய்யப்பட்ட பொருளைப் பொறுத்தவரை, கண்ணாடி கீறல்படாது, மணத்தைப் பிடித்துவைக்காது. ஆனால் கனமானது, விழுந்தால் உடையும். டிரைட்டான் எனப்படும் பிளாஸ்டிக்கில், உடல்நலத்துக்குக் கேடு என்று ஐயப்படும் பிஸ்பினால்-ஏ என்ற வேதிப்பொருள் இல்லை; இலேசானது, அடி தாங்கும்; நாளடைவில் மங்கலாகும். பாலிகார்பனேட் ஜார் பிஸ்பினால்-ஏ கொண்டு தயாராவது. பாலிகார்பனேட் பால்புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011இலும் அமெரிக்கா 2012இலும் விலக்கியதை நினைவில் கொண்டு, ஜார் எதனால் ஆனது என்று சொல்லாத கருவியை நான் வாங்கமாட்டேன்.

படி 4: ஜாரைத் தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள்

மோட்டார் தண்டும் பிளேடும் சந்திக்கும் இடமே கப்ளர். அது உலோகமாக இருந்தால் நெடுநாள் உழைக்கும். ரப்பராகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் பற்கள் தேய்ந்து ஒருநாள் வழுக்கும். அதனால் மட்டும் கருவியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. பிளேடு சிக்கிக்கொண்டால் மோட்டார் பாழாகாமல், மலிவான அந்தப் பாகம் தேய்ந்து தன்னைக் கொடுத்துக் காப்பதும் உண்டு. கப்ளர் தனியாகக் கிடைக்கிறதா, வீட்டிலேயே மாற்றமுடியுமா என்பதே கேள்வி.

பிளேடின் தண்டை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள்; பக்கவாட்டில் ஆட்டம் இருந்தால் பேரிங் சரியில்லை, விரைவில் சீல் வழியாக நீர் கசியும். பிளேடு எவ்வளவு கூர்மை என்று யாரும் கேட்கத் தேவையில்லை. 8 செ.மீ. அகலப் பிளேடு நிமிடத்துக்கு 24,000 சுற்று சுற்றினால் அதன் முனை விநாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர், அதாவது மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சுமை ஏறும்போது இந்த வேகம் குறையும் என்றாலும், அத்தகைய வேகத்தில் மழுங்கலான தடித்த எஃகும் கத்தியைப் போல வேலை செய்யும். உயர்விலைக் கருவிகள் சிலவற்றில் பிளேடு தொட்டுப் பார்த்தால் வெட்டாத அளவுக்கு மழுங்கியிருப்பது இதனால்தான். கூர்மைக்குப் பதில் தடிமனைப் பாருங்கள்.

படி 5: பொத்தான்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்

மெதுவாகத் தொடங்கி ஏற்றக்கூடிய ஒரு வேகத்திருகியும், அழுத்தியிருக்கும்வரை மட்டும் ஓட்டும் பல்ஸ் பொத்தானும் போதும். தொடுதிரை, ஸ்மூத்தி, சூப் என்ற தனித்தனிப் பொத்தான்கள் எல்லாம் பெரும்பாலும் வேகத்தையும் நேரத்தையும் முன்கூட்டிக் குறித்துவைத்தவையே. கையால் திருகினாலும் அதே விளைவுதான். ஆனால் அதிக வெப்பத்தில் தானே நின்றுவிடும் பாதுகாப்பு அமைப்பு கட்டாயம் வேண்டும்.

படி 6: ஆண்டுக்கணக்கில் விலையைப் பாருங்கள்

ஒரு கருவியின் விலை ஒரு பங்கு, உத்தரவாதம் 2 ஆண்டு. மற்றொன்றின் விலை மூன்று பங்கு, உத்தரவாதம் 7 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு ஆண்டுக்கு அரைப்பங்கும் இரண்டாவதற்கு 0.43 பங்கும் ஆகிறது. இரண்டாவதே சற்று மலிவு. உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, ஜாருக்கும் பிளேடுக்கும் சேர்த்தா, உங்கள் நாட்டில் செல்லுமா என்பதை வாசித்த பிறகே இந்தக் கணக்கைப் போடுங்கள். மாற்று ஜாரின் விலையையும் அப்போதே விசாரியுங்கள். அது கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால், ஜார் உடையும் நாளே கருவியின் கடைசி நாளாகிவிடும்.

மூன்று பங்கு பணத்தை ஒரே நேரத்தில் புரட்ட முடியாதவருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. உயர்தரக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களில் சில, திரும்பி வந்தவற்றைப் பழுதுபார்த்து, உத்தரவாதத்துடன் குறைந்த விலைக்குத் தாங்களே விற்கின்றன. புதிய நடுத்தரக் கருவியையும் இவ்வாறு புதுப்பிக்கப்பட்ட உயர்தரக் கருவியையும் ஒரே விலையில் கண்டால், நான் பின்னதையே எடுப்பேன். தனியாரிடம் பழைய கருவி வாங்குவது வேறு விஷயம். அங்கே ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் கருவி என்றால் வோல்ட்டை முதலில் பாருங்கள். 120 வோல்ட் கருவியை 230 வோல்ட்டில் செருகினால் அது எரிந்துவிடும். இத்தனை ஆற்றலைத் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் கனமானது, மலிவாகவும் கிடைக்காது.

படி 7: திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் சோதியுங்கள்

வாங்கியதும் பெட்டியைப் பத்திரப்படுத்திவிட்டு, முதலில் பாதி ஜார் நீர் ஊற்றி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். ஜாரைத் தூக்கி அடியிலும் மோட்டார் மேற்புறத்திலும் ஈரம் உள்ளதா என்று பாருங்கள். புதிய மோட்டாரில் முதல் சில முறை இலேசான வார்னிஷ் மணம் வருவது வழக்கம். கருகும் நெடியோ புகையோ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்து ஒரு கைப்பிடி கீரையையும் ஒரு குவளை நீரையும் ஒரு நிமிடம் அரைத்து, மெல்லிய வடிகட்டியில் ஊற்றுங்கள். தங்கிய நாரை விரலிடையே தேய்த்துப் பார்த்தால் கருவியின் உண்மைத் தரம் தெரிந்துவிடும். அதன்பின் ஐஸ், கடைசியாக உங்கள் பட்டியலில் உள்ள கடினமான வேலை. எப்போதும் திரவம் முதலில், மென்மையானவை அடுத்து, உறைந்தவை மேலே என்ற வரிசையில் போட்டு, குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். கொதிக்கும் திரவத்தைக் காற்றுப்புக இடமில்லாத சிறு குவளை வகைக் கருவியில் ஒருபோதும் அரைக்க வேண்டாம். ஆவியழுத்தம் மூடியைப் பிய்த்தெறியும். பெரிய ஜாரிலும் மூடியின் நடுத்துளை ஆவி வெளியேற இடம் விட்டிருக்க வேண்டும்.

கடினமான வேலையின் நடுவே கருவி வெப்பத்தால் தானே நின்றால், ஆறவிட்டு, பொருளின் அளவைப் பாதியாக்கி, கையேடு அனுமதிக்கும் நேரத்துக்குள் மறுபடி முயலுங்கள். அப்போதும் நின்றால் அது உங்கள் வேலைக்குரிய கருவி அன்று. கழுவித் துடைத்து, பத்திரப்படுத்திய பெட்டியில் ரசீதுடன் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.