பெரிய மரக் கிண்ணம் கடையும் லேத்தைச் சொந்தமாகக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சொந்தமாக லேத் கட்டப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை எச்.பி. மோட்டார் போடலாம் என்பதுதான். அடுத்தது, மொத்த எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் 60 செ.மீ. அகலக் கிண்ணத்தைக் கடையும்போது காலை வாருவது பெரும்பாலும் இவை இல்லை. கட்டையில் தொடங்கி ஸ்பிண்டில் (கட்டையைச் சுற்றும் தண்டு), பேரிங், சட்டம், டூல் ரெஸ்ட் (உளியைத் தாங்கும் முட்டு), உளி என்று போய்க் கட்டைக்கே திரும்பும் ஒரு வளையம் இருக்கிறது. உளி வெட்டும் விசை முழுதும் இந்த வளையத்துக்குள்தான் ஓடுகிறது. இதில் ஏதாவது ஓர் இடம் நெளிந்தால் போதும், உளி துள்ளும், மரத்தில் அலை அலையாகத் தடம் விழும். 400 கிலோ லேத்தில்கூட டூல் ரெஸ்ட் சொதசொதவென்று இருந்தால் அது சொதசொத லேத்தான்.

முதலில் கட்டையைப் பற்றிச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 60 செ.மீ. அகலம், 20 செ.மீ. கனம் உள்ள பச்சை மரம் சுமார் 50 கிலோ வரும். அது வட்டமாகவும் இருக்காது, ஒரு பக்கம் கனத்தும் இருக்கும். மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி 1 கிலோ அதிகமாக இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 300 சுற்றில் அது சுமார் 25 கிலோ விசையோடு சட்டத்தை இழுக்கும், அதுவும் நொடிக்கு ஐந்து முறை திசை மாறி மாறி. 600 சுற்றுக்குப் போனால் 50 கிலோ இல்லை, 100 கிலோ. வேகம் இரு மடங்கானால் இழுவை நான்கு மடங்கு. லேத் நடக்கிறது, குதிக்கிறது என்று புலம்பும் பலருக்கும் முதல் மருந்து, வேகத்தைக் குறைப்பதுதான்.

அதனால்தான் குறைந்தபட்ச வேகத்தைத் திட்டமிடாமல் விடுவதை முதல் தவறாகச் சொல்வேன். கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, சுற்று வேகத்தோடு பெருக்கினால் 6000 முதல் 9000-க்குள் வர வேண்டும் என்று கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. 24 அங்குலத்துக்கு அது 250 முதல் 375 சுற்று. அதுவும் வட்டமாகக் கடைந்து முடித்த கட்டைக்கு. கோணல்மாணலான கட்டையை 100, 150 சுற்றில்தான் தொடங்க வேண்டும். புல்லியை எப்படி மாற்றினாலும் 500-க்குக் கீழே இறங்காத லேத்தில் பெரிய கிண்ணத்தை மாட்டவே கூடாது. இதே 60 செ.மீ. கட்டை 1000 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு மணிக்கு 113 கி.மீ. வேகத்தில் போகும். அந்த வேகத்தில் ஒரு துண்டு கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைக் குறைக்க வி.எஃப்.டி. (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) இருக்கிறதே என்று மோட்டாரையும் ஸ்பிண்டிலையும் ஒன்றுக்கு ஒன்று புல்லியில் இணைப்பவர்கள் நிறைய. வி.எஃப்.டி. சுற்றைக் குறைக்கும், ஆனால் அதற்கு ஈடாக முறுக்குவிசையைக் கூட்டித் தராது. 50 ஹெர்ட்ஸில் 1440 சுற்று ஓடும் 2 எச்.பி. மோட்டாரை 10 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 288 சுற்று கிடைக்கும். ஆனால் 60 செ.மீ. கட்டையின் விளிம்பில் மூன்றரை கிலோ விசைகூடக் கிடைக்காது. உளியை லேசாக வைத்தாலே கட்டை நின்றுவிடும். அதே மோட்டார் முழு வேகத்தில் ஓட, புல்லியில் ஐந்துக்கு ஒன்று என்று குறைத்தால் அதே 288 சுற்றில் விளிம்பில் சுமார் 17 கிலோ விசை கிடைக்கும். இன்னொன்றும் இருக்கிறது. மோட்டாரின் விசிறி அதன் ஷாஃப்டிலேயே இருப்பதால், மெதுவாக ஓடும்போது காற்றும் குறைந்து மோட்டார் கொதிக்கும். புல்லியில் இரண்டு மூன்று படி வைத்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட வேகத்துக்கு மட்டும் வி.எஃப்.டி. போதும். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் போடாதீர்கள், ஓடும்போது அதைத் திறந்தால் வி.எஃப்.டி. பழுதாகலாம். நிறுத்தும் பொத்தானை அதன் கட்டுப்பாட்டு முனைகளில் இணைக்க வேண்டும்.

ஸ்பிண்டில் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். நான் கட்டிய முதல் லேத்தில் 25 மி.மீ. ஷாஃப்ட் போட்டு, முன் பேரிங்கிலிருந்து 10 செ.மீ. வெளியே நீட்டி ஃபேஸ்பிளேட்டை (கட்டையைத் திருகிப் பிடிக்கும் தட்டு) மாட்டினேன். 45 செ.மீ. கிண்ணத்தின் வெளிப்புறம் முழுக்க அலை. உளியைத் தீட்டினேன், பிடிக்கும் கோணத்தை மாற்றினேன், மரத்தைக் குறை சொன்னேன். கடைசியில் மோட்டாரை நிறுத்தி, விளிம்பருகே டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) வைத்துவிட்டு, கட்டையை இரண்டு கையாலும் பிடித்து என் பக்கம் இழுத்தேன். முள் அரை மில்லிமீட்டரைத் தாண்டி ஓடியது. பேரிங்கில் ஆட்டமே இல்லை, ஷாஃப்ட் வளைகிறது. ஷாஃப்டின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 25-ஐ 50 மி.மீ. ஆக்கினால் இரண்டு மடங்கு இல்லை, பதினாறு மடங்கு. வெளியே நீளும் பகுதியைக் குறைப்பதும் நல்ல பலன் தரும். முன் பேரிங் ஃபேஸ்பிளேட்டுக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கட்டும்.

பில்லோ பிளாக் பேரிங் (கூட்டோடு வரும், போல்ட் போட்டு உட்கார்த்தும் பேரிங்) எளிது, கிடைப்பதும் சுலபம். ஆனால் ஷாஃப்ட் கொஞ்சம் மெலிந்திருந்தால், திருகை இறுக்கும்போது ஒரு பக்கம் ஒதுங்கி மையம் தப்பும். ஷாஃப்டை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள். முடிந்தால் கூம்பு ரோலர் பேரிங் இரண்டை எதிரெதிராக வைத்து, பின்னால் நட்டால் இறுக்கும்படி செய்வது நல்லது. பக்கவாட்டு விசையையும் தாங்கும், தேய்ந்தால் ஆட்டத்தையும் எடுத்துவிடலாம். எதைப் போட்டாலும், வெல்டிங் எல்லாம் முடித்த பிறகே பேரிங் உட்காரும் இடங்களைச் சமன்படுத்துங்கள். முதலில் கடைந்து வைத்துவிட்டு அப்புறம் வெல்டிங் செய்தால், சூட்டில் சட்டம் இழுத்துக்கொண்டு இரண்டு பேரிங்கும் வேறு வேறு கோட்டில் நிற்கும். பெல்ட் இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஓடுகிறது என்றால், அது அறுந்த அன்று ஸ்பிண்டிலையே கழற்ற வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள்.

சட்டத்துக்கு எடை வேண்டும், ஆனால் எங்கே என்பது முக்கியம். ஹெட்ஸ்டாக்குக்கு (ஸ்பிண்டிலும் பேரிங்கும் இருக்கும் பகுதி) நேர் கீழே, தரையை ஒட்டி. மேலே மணல் மூட்டையைப் போட்டால் அது தனியாகக் குதிக்கும். குழாய்ச் சட்டத்துக்குள் உலர்ந்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி மூடினால் அதிர்வை விழுங்கும். கால்கள் அகலமாக விரியட்டும். சக்கரம் வேண்டாம்.

எல்லாரும் கடைசியில் கவனிப்பது டூல் ரெஸ்ட்டை. பெரிய கிண்ணம் என்பதால் லேத்தோடு ஒட்டாமல் தரையில் தனியாக ஒரு ஸ்டாண்ட் செய்து வைத்துவிடுவார்கள். அப்போது வளையத்துக்குள் தரையும் வந்துவிடுகிறது: கட்டை ஒரு தாளத்தில் ஆடும், உளி வேறு தாளத்தில் நிற்கும். தனி ஸ்டாண்ட்தான் வேண்டும் என்றால் கனமான ஓர் இரும்புக் கையால் அதை லேத் சட்டத்தோடு சேர்த்து இறுக்குங்கள். ரெஸ்ட்டைத் தாங்கும் தண்டு 25 மி.மீ. என்பது இந்த வேலைக்குக் குறைவு. 30, 40 மி.மீ. போடுங்கள். கிண்ணத்தின் உள்ளே எட்டும்போதுதான் அதன் அருமை தெரியும்.

வலப்புரி மரையில் மாட்டிய ஃபேஸ்பிளேட், கடையும்போது தானாக இறுகும். ஆனால் மோட்டாரைச் சட்டென்று நிறுத்தினால், 50 கிலோ கட்டை சுற்றிய வேகத்திலேயே போகப் பார்த்து மரையிலிருந்து கழன்றுகொள்ளும். வி.எஃப்.டி.யில் நிற்கும் நேரத்தைப் பத்துப் பதினைந்து நொடி என்று நீட்டி வையுங்கள், ஃபேஸ்பிளேட்டின் பக்கவாட்டில் ஒரு பூட்டுத் திருகும் போடுங்கள். ஸ்பிண்டிலின் மறுமுனையிலும் கட்டை மாட்ட எண்ணினால் அங்கே இடப்புரி மரைதான் வேண்டும். நிறுத்தும் பொத்தான், சுழலும் கட்டையின் நேர்கோட்டைக் கடக்காமல் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கட்டையை ஃபேஸ்பிளேட்டில் பிடிக்க, சுவர்ப் பலகைகளுக்கு அடிக்கும் கறுப்புத் திருகுகளை எடுக்காதீர்கள். அவை வளையாது, பட்டென்று தலை முறியும். தடித்த மரத் திருகுகளே வேண்டும். முதல் ஓட்டத்துக்கு முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி எதிலும் இடிக்கவில்லை என்று பாருங்கள். முகக் கவசம் போட்டு, கட்டையின் நேரில் நிற்காமல் ஒதுங்கி நின்று, மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். டெயில்ஸ்டாக் (கட்டைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து முட்டுக்கொடுக்கும் பகுதி) இருந்தால் கட்டை வட்டமாகும்வரை அதை எடுக்க வேண்டாம். பச்சை மரத்தை ஃபேஸ்பிளேட்டிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் மோட்டாரைப் போடும் முன் திருகுகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். மரம் இரவில் காய்ந்து சுருங்கியிருக்கும், முந்தின நாள் கெட்டியாக இருந்த திருகு விரலுக்கே சுழலும்.