பிஸ்பீ கற்களைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

அரிசோனாவில் உள்ள பிஸ்பீயின் நிலத்தடித் தாமிரச் சுரங்கங்கள் 1975-இல் மூடப்பட்டன. அங்கே கிடைத்த கனிமக் கற்களைச் சேகரிப்பவர்கள் நாங்கள். இன்று விற்பனைக்கு வரும் நல்ல கற்களில் பெரும்பாலானவை பழைய சேகரிப்புகளிலிருந்து கைமாறுபவை. அந்தக் காலத்தில் தொழிலாளர்கள் சாப்பாட்டுத் தூக்கில் போட்டு வெளியே கொண்டுவந்தவையும் அவற்றில் உண்டு. ஒன்று கெட்டால் அதற்கு மாற்று கிடைப்பது கஷ்டம். ஆனாலும் புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் நாங்கள் ஆரம்பத்தில் செய்த அதே கோளாறுகளைத்தான் செய்கிறார்கள். கீழே போட்டு உடைப்பது, பைரைட்டைத் தங்கம் என்று நம்புவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

அமிலத்தில் ஊறவைப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. தெரிந்த தம்பி ஒருவர் நல்ல விலை கொடுத்து ஒரு பிஸ்பீ அசுரைட் (நீல நிறத் தாமிரக் கனிமம்) வாங்கினார். கருநீலப் படிகங்கள், அவற்றில் சில பாதிக்கு மேல் பச்சையாகியிருந்தன. செம்புப் பாத்திரத்தில் ஏறும் களிம்பு போல இருக்கிறதே என்று புளித்தண்ணீரில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். “அண்ணா, பச்சை போகுது, ஆனா நீலமும் மங்குது” என்று போன் வந்தது. போகாமல் என்ன செய்யும்?

நீல அசுரைட், பச்சை மாலகைட் இரண்டுமே தாமிரக் கார்பனேட்டுகள். அமிலம் பட்டால் கரையும். பிஸ்பீயின் தாதுவில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்தது; அதனால் பல கற்களில் கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமமும் ஒட்டியிருக்கும், அதுவும் கரையும். அசுரைட், மாலகைட்டின் கடினத்தன்மையோ பத்து வரை போகும் மோஸ் அளவில் 3.5 முதல் 4 வரைதான், முரட்டுத்தனமாகத் தேய்த்தால் கீறல் விழுந்துவிடும். இதையெல்லாம் விடக் கொடுமை, அவர் தேய்த்து எடுத்த பச்சைதான் அந்தக் கல்லின் மதிப்பு. அசுரைட் தன் படிக வடிவம் குலையாமல் மெல்ல மாலகைட்டாக மாறியிருந்தது. அப்படிப்பட்ட கல்லுக்காகவே தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

வினிகர், எலுமிச்சை, பாத்திரம் துலக்கும் பவுடர் எதுவும் வேண்டாம். குவார்ட்ஸில் படிந்த துருவை ஆக்சாலிக் அமிலம் எடுக்கும் என்பது சரிதான். அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு இதிலும் செய்துபார்ப்பதால்தான் வினை. கேமராவுக்குத் தூசி ஊதும் ரப்பர் குமிழும் மென்மையான தூரிகையும் போதும். வெல்வெட் போலிருக்கும் மாலகைட்டில் தூரிகைகூட வேண்டாம், ஊதினால் போதும். கல்லின் பின்பக்கம் பெயின்ட்டில் எழுதிய எண் இருந்தால் அதன்மேல் கையே வைக்காதீர்கள். பழைய சேகரிப்பாளரின் பதிவேட்டு எண்ணாக இருக்கலாம்.

பழைய சீட்டை எறிவது

கல்லோடு வரும், அது எங்கே கிடைத்தது என்று எழுதிய சீட்டு கிழிந்திருந்தாலும் வைத்திருங்கள். பிஸ்பீயா, அரிசோனாவின் இன்னொரு தாமிரச் சுரங்க ஊரான மொரென்சியா என்று பல நேரம் அந்தச் சீட்டுதான் சொல்லும்.

சூடேறும் விளக்கு

அசுரைட்டுக்கு ஆகாது. கல் வைக்கும் அலமாரியில் எல்.இ.டி. போடுங்கள்.

பளபளக்கும் நீலப் படிகம், மலிவு விலை

சால்காந்தைட் என்று விற்பார்கள். அது மயில்துத்தம், தண்ணீரில் கரைத்து வீட்டிலேயே படிகம் வளர்க்கலாம். சுரங்கத்தில் இயற்கையாகவும் உருவாகும், ஆனால் பெரிய, குறையில்லாத படிகம் என்றால் சந்தேகப்படுங்கள். இயற்கையானதாகவே இருந்தாலும் ஈரம் பட்டால் கரையும், காற்று வறண்டால் வெளுத்து மாவாகும்.

தங்கம் தெரியும் கல்

பிஸ்பீயில் தங்கம் எடுத்தது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் தாமிரத்தைச் சுத்திகரிக்கும்போது உபபொருளாகக் கிடைத்தது. கண்ணுக்குத் தெரியும் தங்கத்தோடு பிஸ்பீ கல் என்று யாராவது நீட்டினால், விலையைக் கேட்பதற்கு முன் சீட்டைக் கேளுங்கள்.