வொட்சனைப் பாருங்கள்: ஷேர்லொக் ஹோம்ஸ் தொடரைச் சனசமூக நிலையத்தில் திரையிடும் முறை

துப்பறிவாளர் ஷேர்லொக் ஹோம்ஸைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் பலர் இருக்கிறார்கள். கதையை முதலில் வாசித்துவிட்டு அதே கதையைத் திரையில் பார்த்தவர்கள் மிகச் சிலரே. இரண்டையும் ஒரே வாரத்துக்குள் செய்தால்தான், கதாசிரியர் ஆதர் கொனன் டொயில் தடயத்தை எந்த இடத்தில் வைத்தார், தொடரை எடுத்தவர்கள் அதை எங்கே நகர்த்தினார்கள் என்பது பிடிபடும். வன்னியிலுள்ள ஒரு சனசமூக நிலையத்திலோ பாடசாலை நூலகத்திலோ உயர்தர வகுப்புப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடி மாதம் ஒரு கதையை இவ்வாறு வாசித்துப் பார்ப்பதற்கான வழிமுறையை இங்கே எழுதுகிறேன். வழிமுறையில் பாதி ஒரே விடயத்தில் அடங்கும்: திரையில் ஹோம்ஸை விட்டுவிட்டு, அவருக்குப் பக்கத்தில் நிற்கும் நண்பர் டொக்டர் வொட்சனைக் கவனிக்க வேண்டும்.

நான்கு நாவல்கள், 56 சிறுகதைகள் என விரியும் இந்த வரிசையில் மிகப் பெரும்பாலானவற்றை வொட்சனே சொல்கிறார். ஹோம்ஸ் பார்த்த எல்லாவற்றையும் அவரும் பார்க்கிறார், ஆனால் அதன் பொருள் அவருக்கு எட்டுவதில்லை. ஆகையால் எதையும் ஒளிக்காமலே நம்மிடமிருந்து எல்லாவற்றையும் ஒளித்துவிட அவரால் முடிகிறது. தொலைக்காட்சிக்கு வரும்போது கதை சொல்லும் வேலையைக் கமெரா எடுத்துக்கொள்வதால், வொட்சனுக்கு என்ன வேலை கொடுப்பது என்ற சிக்கல் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் வருகிறது. 1939 முதல் 1946 வரை வந்த திரைப்படங்களில் நைஜல் புரூஸ் நடித்த வொட்சன் சிரிப்பு மூட்டும் கிழவராக ஆனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

முதன்முதலில் திரையிடுவதற்கு மன்செஸ்டரிலிருந்த கிரனாடா நிறுவனம் 1984 முதல் 1994 வரை எடுத்த தொடரைத் தெரிவு செய்யுங்கள். ஜெரமி பிரெட் ஹோம்ஸாக நடித்த இத்தொடரில் 41 பகுதிகள் உள்ளன. தயாரிப்பாளர் மைக்கல் கொக்ஸ், ஹோம்ஸின் உடை, பழக்கவழக்கங்கள், வீட்டுப் பொருட்கள் ஆகியன பற்றிக் கதைகளிலுள்ள குறிப்புகளையெல்லாம் திரட்டி 77 பக்கக் கோவையொன்றைப் படப்பிடிப்புக் குழுவுக்காக ஆக்கியிருந்தார். சிறுகதைகள் முதலில் வெளிவந்த ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் சிட்னி பஜெற் வரைந்த படங்கள் பல, காட்சிகளாக அப்படியே மீண்டும் அமைக்கப்பட்டன. முதலில் டேவிட் பேர்க்கும் 1986 முதல் எட்வேர்ட் ஹார்ட்விக்கும் நடித்த வொட்சன், புத்தியுள்ள, போர் கண்ட ஒரு வைத்தியர். பேர்க்கின் வொட்சன் வியப்பதில் சுறுசுறுப்பானவர், ஹார்ட்விக்கின் வொட்சன் பொறுமையானவர். எனக்குப் பிடித்தவர் பின்னவரே. பி.பி.சி. 2010இல் தொடங்கிய, இன்றைய இலண்டனில் நடக்கும் தொடர் விறுவிறுப்பானதுதான், ஆனால் மூலக்கதை தெரியாதவருக்கு அதன் குறும்பில் பாதி போய்விடும் என்பதால் அதைப் பின்னுக்கு வையுங்கள். 1979 முதல் 1986 வரை சோவியத் ஒன்றியத்தில் வசிலி லிவனோவ் நடித்த படங்களையும் ஒரு நாளைக்குத் தேடிப் பார்க்கலாம்.

கிரனாடா தொடருக்குள்ளும் எல்லாம் ஒரே தரமல்ல. 1992, 1993ஆம் ஆண்டுகளில் வந்த மூன்று நெடும் பகுதிகள் சிறுகதையை முழுநீளப் படமாக இழுத்தவை. ஒப்பிட்டுப் பழகாதவர்களுக்கு அவை குழப்பத்தையே தரும். ஹோம்ஸின் பெரும் எதிரியான பேராசிரியர் மொரியார்ட்டி 'செந்தலையர் சங்கம்' என்ற கதையில் இல்லை, ஆனால் 1985இல் வந்த அதன் தொலைக்காட்சி வடிவத்தில் குற்றத் திட்டத்தின் சூத்திரதாரியாக நுழைந்துவிடுகிறார். இருவரும் நேருக்கு நேர் மோதும் 'இறுதிச் சிக்கல்' கதை தொடரில் அடுத்து வருகிறது; அதற்கு நிலம் பண்படுத்துவதற்காகச் செய்த வேலை அது. இப்படிப்பட்ட மாற்றங்களைத் தாமாகவே கண்டுபிடிக்கும் அளவுக்குக் குழு தேறிய பிறகு அதைத் திரையிடுவது நல்லது.

டொயில் 1930இல் காலமானவர் என்பதால் கதைகளின் ஆங்கில மூலத்துக்கு இப்போது காப்புரிமைத் தடை இல்லை. இணையத்தில் இலவசமாக எடுத்து அச்சிட்டுக் கொடுக்கலாம். தொடருக்கு உரிமையாளர் உண்டு, ஆகவே அதை முறையாக வாங்கிய இறுவட்டிலிருந்தே காட்டுங்கள். அச்சிடும்போது முடிவைத் தனித்தாளில் எடுத்து நடத்துபவர் வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் இடறுபவர்களுக்காக, முடிவு வரையான கதையைத் தமிழில் ஒருவர் முதலில் சொல்லிவிடட்டும். அப்படிச் சொல்பவர் தடயங்களை அழுத்திச் சொல்லாமல் மற்றச் செய்திகளைப் போலவே சாதாரணமாகச் சொல்லிப் போக வேண்டும், ஏனென்றால் வொட்சனும் அப்படித்தான் சொல்கிறார்.

இனி மண்டபம். மாரிகாலத்தில் தகரக்கூரையின் கீழ் இத்தொடரைப் போட்டால் பிரெட்டின் ஒரு வசனமும் காதில் விழாது; காலபோக அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்த பின்னர், பங்குனி சித்திரையில் தொடங்குவதே வசதி. அறைகள் எரிவாயு விளக்கிலும் மெழுகுதிரியிலும் மங்கலாகத் தெரியும் கதைகள் இவை, ஆகையால் வெளிச்சம் புகுந்த மண்டபத்தில் புரொஜெக்டர் வைத்தால் தடயம் சுவரோடு கரைந்துவிடும். பொழுது நன்றாக இருண்ட பின், ஆறேமுக்காலுக்குப் பிறகு தொடங்குங்கள். பிரெட் விரைந்து பேசுபவர்; ஆங்கில எழுத்துகளைத் திரையின் அடியில் ஓடவிடுவது கட்டாயம். பெரும்பாலான பகுதிகள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் ஓடுகின்றன, நிறுத்திப் பேசுவதற்கும் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒன்பது மணிச் சாப்பாட்டுக்கு எல்லோரும் வீடு போய்விடலாம்.

முதல் மாதத்துக்கு நான் சொல்வது 'சில்வர் பிளேஸ்'. கதை 1892இலும் கிரனாடாவின் பகுதி 1988இலும் வெளிவந்தன. பந்தயக் குதிரையொன்று இரவில் காணாமற் போகிறது, அதன் பயிற்றுநர் இறந்து கிடக்கிறார், முந்திய மாலை அங்கு சுற்றித் திரிந்த வெளியாள் ஒருவர் பிடிபடுகிறார். லாயத்தைக் காவல் காத்த பையனின் இராச்சாப்பாட்டில் யாரோ அபின் தூள் கலந்திருக்கிறார்கள். அந்தச் சாப்பாடு ஆட்டிறைச்சிக் கறி. இந்த இடத்தில் படத்தை நிறுத்தி, சமைக்கத் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அபின் கசக்கும், கறித்தூளின் உறைப்பு அந்தக் கசப்பை மூடிவிடும், அப்படியானால் அன்றிரவு அந்த வீட்டில் கறிதான் சமைக்க வேண்டும் என்று தீர்மானிக்க யாரால் முடியும்? வெளியிலிருந்து வந்தவர் தூள் கொண்டு வரலாம், ஆனால் அடுப்பில் எது ஏற வேண்டும் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. அவித்த கிழங்கும் பாணும் உண்ணும் நாட்டு வாசகரைவிட எங்கள் பெண்கள் இதை முந்திப் பிடித்துவிடுவார்கள் என்பது என் ஊகம்.

அதே கதையில்தான் புகழ்பெற்ற நாயும் வருகிறது. இரவில் ஒருவர் லாயத்துக்குள் போய்க் குதிரையை வெளியே கொண்டு வந்திருக்கிறார், ஆனால் பரணில் படுத்திருந்த பையன்களை எழுப்பும் அளவுக்கு நாய் குரைக்கவில்லை. அயலூர்ச் சைக்கிள் ஒன்று ஒழுங்கையில் திரும்பினாலே படலைக்கு ஓடிவரும் நாய்களோடு வாழ்பவர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. ஆனால் பார்க்க வேண்டியது வேறு: நடக்காத ஒன்றை எழுத்தில் ஒரு வரியில் சொல்லிவிடலாம், படத்தில் எப்படிக் காட்டுவது? ஹோம்ஸ் நாயைப் பற்றிச் சொல்லும்போது பார்வையாளர்களில் ஒரு பாதியை ஹோம்ஸின் முகத்தையும் மறு பாதியை எதிரே நிற்பவர்களின் முகங்களையும் பார்க்கச் சொல்லி, பிறகு இரு பகுதியினரும் கண்டதை ஒப்பிடுங்கள்.

இரண்டாம் மாதத்துக்கு 'புள்ளிப் பட்டி'. 1892இல் வந்த இக்கதையைக் கிரனாடா 1984இலேயே எடுத்தது. முடிவை அறிய விரும்பாதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிச் செல்லலாம். வாசித்தவுடன் ஒவ்வொருவரும் இரண்டு படுக்கையறைகளின் கிடைப்படத்தைத் தாளில் வரைய வேண்டும்: தரையோடு ஆணியடித்த கட்டில், எந்த மணியோடும் இணையாத மணிக்கயிறு, வெளியே திறவாமல் அடுத்த அறைக்குத் திறக்கும் காற்றுத்துளை. மூன்றையும் சரியான இடத்தில் வரைந்தவருக்கு விடை தாளிலேயே தெரிந்துவிடும். பின்னர் படம் பார்க்கும்போது, கமெரா எதை முதலில் காட்டுகிறது, அந்த நேரத்தில் வொட்சனின் கண் எங்கே இருக்கிறது என்று தாளில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு வாக்குவாதம் வரும், அதற்கு இடம் கொடுங்கள்: கதையிலுள்ள பாம்பு தட்டில் வைத்த பால் குடிக்கிறது, விசில் கேட்டுத் திரும்புகிறது, கயிற்றில் இறங்கி ஏறுகிறது. புடையனையும் நாகத்தையும் வயல்வரம்பில் கண்டு வளர்ந்தவர்கள் புறச்செவியே இல்லாத பாம்புக்கு விசிலா என்று கேட்பது நியாயமே. டொயில் சொல்லும் 'சதுப்புநில விரியன்' விலங்கியலில் இல்லாத பாம்பு. கதை அதனால் கெடவில்லை, ஏனென்றால் புதிரின் பூட்டு அறையின் அமைப்பில் இருக்கிறது.

'நால்வர் குறி' 1987இல் வந்த நெடும் பகுதி, நன்றாக எடுக்கப்பட்டது. அதில் இலண்டனுக்குப் புறத்தே உள்ள மாளிகையின் பெயரே 'பாண்டிச்சேரி லொட்ஜ்'. ஆனால் மூலநாவல் ஹோம்ஸ் கொக்கேய்ன் ஏற்றிக்கொள்ளும் காட்சியோடு தொடங்குவதையும், அந்தமான் தீவு மனிதரை மிக இழிவாக வருணிப்பதையும் நடத்துபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் இருந்தால் இதைத் தவிர்த்துவிடுங்கள். பெரிய பிள்ளைகளோடானால் அந்த வருணனையை உரக்க வாசித்து, அதை யார் யாரைப் பற்றி எழுதினார்கள் என்று பேசிவிட்டுப் படத்துக்குப் போகலாம்.

ஆறேழு கதைகள் முடிந்ததும் எழுத்துப் பயிற்சி ஒன்று வைக்கலாம். 1891 யூலையில் ஸ்ட்ராண்டில் வந்த முதற் சிறுகதையின் தொடக்கத்திலேயே, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தை ஹோம்ஸ் துலக்கியதாகக் கேள்விப்பட்டேன் என்று வொட்சன் ஒரு வரி சொல்லிப் போகிறார். அதற்கு மேல் டொயில் ஒன்றும் எழுதவில்லை. அந்தக் கதையைத் தமிழில் எழுதும்படி பிள்ளைகளைக் கேளுங்கள். நிபந்தனைகள் இரண்டு போதும்: சொல்பவர் எல்லாவற்றையும் பார்த்தும் விளங்காதவராக இருக்க வேண்டும், முக்கிய தடயம் கதையின் முற்பாதியில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் கிடக்க வேண்டும். எழுதியவற்றுள் ஒன்றைத் தெரிந்து கைத்தொலைபேசியில் பத்து நிமிடப் படமாக எடுக்க முயன்றால், தடயத்தை எந்தக் காட்சியில், யாருடைய கண்ணால் காட்டுவது என்ற கேள்வி முதல் நாளே அவர்கள் முன் வந்து நிற்கும்.