தென்னை நிழலும் ஆடிக் காற்றும்: கொங்கு வீட்டுக் கூரைக்குச் சோலார் பேனல் தேர்ந்தெடுப்பது எப்படி?

விற்க வருபவர் பேனல் கண்ணாடியைக் கையால் தட்டிக் காட்டி, "கல்லு விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க" என்பார். எந்தக் கல், எவ்வளவு வேகத்தில் என்று கேளுங்கள். தேர்வு அங்கேதான் தொடங்குகிறது.

படி 1: கூரைக்கு மேலே என்ன இருக்கிறது?

ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் 61215 என்ற தரச்சோதனையில் 25 மி.மீ. விட்டமுள்ள ஐஸ் உருண்டையை விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் பேனலின் 11 இடங்களில் அடிப்பார்கள். உருண்டையின் எடை ஏழரை கிராம். அடியின் ஆற்றல் 2 ஜூல். கோடை மழையோடு வரும் சின்ன ஆலங்கட்டிக்கு இது போதும்.

தேங்காய்க்குக் கணக்குப் போடுங்கள். மட்டையோடு ஒன்றரைக் கிலோ காய் 30 அடி இறங்கினால் 130 ஜூலுக்கு மேல் வரும். சோதனை அடியைப் போல 65 மடங்கு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத் தோப்பு வீடுகளுக்கு இதைத் தாங்கும் பேனல் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஓலை விரிந்திருக்கும் வட்டத்துக்கு வெளியே பேனலைத் தள்ளுங்கள். காய்ந்த மட்டை காற்றில் விலகி விழும் என்பதால் இன்னும் பத்தடி கூடுதலாக விடுங்கள். மொட்டை மாடியில் இடமில்லையா? களத்து மேட்டில் தரையிலேயே ஸ்ட்ரக்சர் (பேனலைத் தாங்கும் சட்டம்) போடலாம். பேனலுக்கு மேலே வலை கட்டும் யோசனை மட்டும் வேண்டாம். வலையின் நிழலே மின்சாரத்தைத் தின்றுவிடும்.

படி 2: கண்ணாடி

சந்தையில் முக்கியமாக இரண்டு வகை. முன்பக்கம் மட்டும் 3.2 மி.மீ. டெம்பர்டு (சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்து வலுவேற்றிய) கண்ணாடி, பின்னால் பிளாஸ்டிக் ஷீட், இது ஒன்று. முன்னும் பின்னும் 2 மி.மீ. கண்ணாடி உள்ள டபுள் கிளாஸ் இன்னொன்று. "ரெண்டு கண்ணாடி, அதனால் ரெண்டு மடங்கு பலம்" என்பது விற்பனைப் பேச்சு. 2 மி.மீ. கண்ணாடியை முழுமையாக டெம்பர் செய்வது கடினம். பெரும்பாலும் அரை டெம்பர்தான் இருக்கும். உடைந்ததைப் பார்த்தாலே தெரியும்: 3.2 மி.மீ. கண்ணாடி சர்க்கரை கொட்டியதுபோல் பேனல் முழுக்கப் பொடிப்பொடியாகும், 2 மி.மீ. கண்ணாடியில் நீளநீளமாகக் கோடு ஓடும். மேலிருந்து அடி விழும் கூரைக்கு 3.2 மி.மீ. நல்லது. 35 மி.மீ. ஐஸ் உருண்டைச் சோதனையில் தேறியது என்று டேட்டாஷீட்டில் (கம்பெனி தரும் விவரத்தாள்) இருந்தால் இன்னும் நல்லது. அந்த அடி கிட்டத்தட்ட நான்கு மடங்கு பலமானது.

நாமக்கல், பல்லடம் கோழிப்பண்ணைக் கொட்டகைக்கு டபுள் கிளாஸ் வாங்குங்கள். எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா பின்ஷீட்டையும் கனெக்டரையும் அரிக்கும். ஐ.இ.சி. 62716 அம்மோனியாச் சோதனைச் சான்று கேளுங்கள். உப்புக்காற்றுச் சான்றைக் காட்டி விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள். நமக்குக் கடல் இல்லை.

படி 3: காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் தொடங்கும் காற்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிறது. உங்கள் பேனலையும் தூக்கப் பார்க்கும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 875-இல் கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். அதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 910 நியூட்டன். 550 வாட் பேனலின் பரப்பு ஏறத்தாழ 2.6 சதுர மீட்டர்; தோராயமாக 240 கிலோ விசை. பேனலின் எடையோ 28 கிலோதான்.

டேட்டாஷீட்டில் முன்பக்கம் 5400, பின்பக்கம் 2400 பாஸ்கல் (சதுர மீட்டருக்கு இத்தனை நியூட்டன்) என்று போட்டிருக்கும். காற்றுத் தூக்கலுக்குப் பார்க்க வேண்டியது பின்பக்க எண். அதுவும் சோதனை அளவு; 1.5-ஆல் வகுத்தால் வரும் 1600-தான் நம்பத்தக்கது. பேனலைச் சட்டத்தோடு பிடிக்கும் கவ்வியான கிளாம்பை எந்த விளிம்பில், மூலையிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட்டால் அந்த எண் பொருந்தும் என்று மேனுவலில் படம் இருக்கும். நீள விளிம்பில் போட வேண்டியதைக் குட்டை விளிம்பில் போட்டால் தாங்குதிறன் பாதி அளவுக்கும் கீழே போகலாம். பேனல் பறப்பதற்கு முக்கியக் காரணம் இங்கேதான், கண்ணாடியில் இல்லை.

படி 4: கால்

ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி கான்கிரீட் கட்டை 68 கிலோ. நான்கு கட்டையைச் சும்மா வைத்துவிட்டு நான்கு பேனல் நிறுத்தினால் மேலே சொன்ன விசைக்கு அது ஈடாகாது. கட்டை தளத்தோடு பிணைந்திருக்க வேண்டும். பிணைத்த இடத்தில் வாட்டர்புரூஃப் பூச வேண்டும். ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கிய பூச்சு) 80 மைக்ரான், எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டு என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். சிமெண்ட் அட்டைக் கூரையில் அட்டையைப் பிடித்து மாட்டவே கூடாது. கீழே அட்டையைத் தாங்கும் குறுக்குச் சட்டமான பர்லினில் போல்ட்டு இறங்க வேண்டும்.

படி 5: பேனல் இறங்கும் நாள்

தலையில் வைத்து மாடி ஏற்றவிடாதீர்கள். பேனல் நடுவில் வளைந்து, உள்ளே மின்சாரம் தயாரிக்கும் மெல்லிய தகடான செல்லில் மயிரிழை விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது, சில மாதம் கழித்து நத்தை ஊர்ந்ததுபோல் பழுப்புக் கோடாக வெளிவரும். இரண்டு பேர் ஃபிரேமைப் பிடித்து நிமிர்த்தித் தூக்கட்டும். மாட்டிய பேனல் மேல் யாரும் ஏறி நடக்கக் கூடாது. பேனல் வரிசைகளுக்கு நடுவே ஒன்றரை அடி வழி விடச் சொல்லுங்கள். முதல் ஆடி வருமுன் கிளாம்ப் போல்ட்டு எல்லாவற்றையும் டார்க் ஸ்பேனர் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மேனுவலில் உள்ள அளவுக்கு ஒருமுறை முடுக்கிப் பாருங்கள்.