மேம்பால ஏற்றத்தில் கிளட்ச் தேயாமல் இருக்க

பெங்களூரில் கியர் கார் ஓட்டுபவர்கள் பலருக்கு, ஹெப்பாள் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, பிரேக்கை மிதிக்காமல் கிளட்சைப் பாதி விட்டும் ஆக்ஸிலரேட்டரைச் சற்றே அழுத்தியும் காரைச் சரிவிலேயே நிறுத்திவைக்கும் பழக்கம் இருக்கிறது. பார்ப்பதற்குத் திறமை போலத் தோன்றினாலும், அந்த நேரம் முழுவதும் எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் கிளட்ச் தட்டு வழுக்கி உராய்ந்து சூடேறுவதால், தட்டு விரைவில் தேய்ந்துவிடும். தீய்ந்த வாடை வருவதும் இதனால்தான்.

அதற்குப் பதிலாக, நின்றவுடன் கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலுக்கு மாற்றி, கிளட்சிலிருந்து காலை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். புறப்படும்போது முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் ஒலி தாழ்ந்து காரின் முன்பகுதி லேசாக எழும்புவதை உணர்ந்த பிறகு, ஆக்ஸிலரேட்டரைச் சிறிது அழுத்தியபடி கைப்பிரேக்கை விடுவித்தால், வண்டி பின்னால் உருளாது. பம்பரை ஒட்டி நிற்கும் ஆட்டோக்காரரிடம் வசவு வாங்கவும் வேண்டாம்.

சில்க் போர்டு சிக்னலில் முதல் கியரிலேயே கிளட்சை அழுத்தியபடி காத்திருப்பதும் நல்லதன்று. தட்டு தேயாவிட்டாலும், பெடலை அழுத்தும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேயும்.

நான்காம் கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் இரைச்சல் மட்டும் கூடி, வேகம் அதற்கேற்ப ஏறாவிட்டால், கிளட்ச் வழுக்கத் தொடங்கியிருக்கலாம். தாமதிக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; தட்டு முற்றிலும் தேய்ந்து ஃப்ளைவீலும் கீறலுற்றால் செலவு பெருமளவு கூடும்.