தோட்டத்து மண்ணில் பழைய செங்கல் தென்பட்டால்

செம்பனைக்குக் குழி வெட்டும்போதோ, மழை அறுத்த வாய்க்கால் ஓரத்திலோ பழைய செங்கல் தென்பட்டால் முதல் வேலை, அதைப் பிடுங்காமல் விடுவது. மலேசியாவில், கெடா மாநிலத்து நம் பீடோங் பக்கத்தில் இது நடக்காத கதை இல்லை. சுங்கை பத்துவில் 2009 முதல் தோண்டி, இரும்பு உருக்கிய உலைகளையும் களிமண் ஊதுகுழாய்களையும் வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். நான் சின்ன வயதில் ஒரு செங்கல்லைத் தூக்கி வந்து கோழிக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்தேன். எங்கே கிடந்தது, எத்தனை அடி ஆழம் என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கிடந்த இடம் ஏன் முக்கியம்? இத்தாலியில் சியேனாவுக்குத் தெற்கே முர்லோ என்ற ஊர். ரோம் பெரிதாவதற்கு முன்பே வாழ்ந்த எட்ரூஸ்கர்களின் குடியிருப்பை அங்கே 1966 முதல் அகழ்கிறார்கள். கி.மு. 600 வாக்கில் ஒரு பட்டறை தீப்பிடித்தது. காயப் போட்டிருந்த ஈர ஓடுகள்மேல் கால்தடங்கள் பதிந்திருக்கின்றன. தீயைப் பார்த்து ஓடியவர்களுடையவை என்கிறார்கள் அகழ்ந்தவர்கள். அந்த ஓடு ஒன்றை மட்டும் எவனாவது பெயர்த்து எடுத்துப் போயிருந்தால், யாரோ தெரியாமல் மிதித்த ஓடு, அவ்வளவுதான். எரிந்த சாம்பலோடு சேர்த்துப் பார்த்ததால்தான் ஓட்டம் தெரிந்தது.

சரி, செய்ய வேண்டியது இது. செங்கல் பக்கத்தில் இருபது காசு நாணயம் ஒன்றை வைத்து, மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுங்கள். பிறகு தள்ளி நின்று, மரங்களும் தெரிகிற மாதிரி இன்னொன்று. எந்த வரிசை, எத்தனையாவது மரம், அங்கிருந்து எத்தனை எட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரை வெட்டுப்பட்டிருந்தால் அந்தச் சுவரை நின்று பாருங்கள், மண் நிறம் மாறும் இடம், கரிப் பட்டை, இரும்பு உருக்கிய கனமான கருப்புக் கசடு எல்லாம் அங்கேதான் தெரியும், ஆனால் சுரண்டக் கூடாது. கழுவவும் கூடாது. மழை வந்தால் உரச் சாக்கைப் போட்டு மூடி, ஓரத்தில் கல் வையுங்கள்.

சிமெண்ட் ஒட்டியிருந்தாலோ பெயர் அச்சு இருந்தாலோ அது பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்து ரப்பர்ப் புகைவீட்டுச் செங்கல்தான், ஏமாற வேண்டாம். சந்தேகமாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி, பழம்பொருள் என்று நினைப்பதைக் கண்டவர் உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நாமே தோண்டுவது குற்றம். புதையல் ஆசை இருக்கிற மச்சான்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

வாயால் சொன்னது நிற்காது. இங்கே 11ஆம் எண் சண்டி, பதிவில் இருந்த பழைய கோயில் அடித்தளம், அதுவே 2013இல் வீட்டுமனைக்காக இடிபட்டது. அதனால் கடிதமாகக் கொடுத்து, படங்களை இணைத்து, சாப்பு (அலுவலக முத்திரை) அடித்த நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.